ஹெமிஸ் சுவடியும் சத்தியமும்

1894-ஆம் ஆண்டு பாரீஸ் நகரில் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் வெளிவந்தது. 'இயேசு கிறிஸ்துவின் அறியப்படாத வாழ்க்கை' என்பது அதன் பெயர். அதை எழுதியவர் நிக்கோலஸ் நோட்டோவிச் என்ற ரஷ்யப் பத்திரிகையாளர். 1887-இல் காஷ்மீர் வழியாக லடாக் சென்றதாகவும், லே நகரை அடுத்த ஹெமிஸ் மடாலயத்தின் அருகே குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்ததாகவும், மடாலயத்தில் தங்கியிருந்த நாட்களில் தலைமை லாமா தமக்கு ஒரு திபெத்தியச் சுவடியைப் படித்துக் காட்டியதாகவும் அவர் அதில் கூறியிருந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் உதவியுடன் தாம் எழுதிக் கொண்ட அந்தச் சுவடியின் பொருளையே உலகிற்கு அளிப்பதாகவும் அறிவித்திருந்தார்.

சுவடி கூறும் செய்தி வியப்பானது. அதில் இயேசு 'ஈசா' என்று குறிக்கப்படுகிறார். பதின்மூன்றாம் வயதில் திருமணப் பேச்சு எழவே, அவர் வீட்டைவிட்டு வணிகர்களுடன் சிந்து தேசம் வருகிறார். ஜகந்நாதத்திலும் ராஜகிருஹத்திலும் காசியிலும் ஆறு ஆண்டுகள் தங்குகிறார், வேதங்களைக் கற்கிறார். பின்னர் நேபாளம் சென்று பாலி மொழி பயின்று, மேலும் ஆறு ஆண்டுகள் பௌத்த நூல்களில் ஆழ்கிறார். இருபத்தொன்பதாம் வயதில் தாயகம் திரும்பி உபதேசிக்கத் தொடங்குகிறார்.

இந்தக் கதை நுழைவதற்கு ஓர் இடைவெளி ஏற்கனவே இருந்தது. லூக்கா நற்செய்தி இயேசுவைப் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக ஜெருசலேம் ஆலயத்தில் காட்டுகிறது. அடுத்து ஏறக்குறைய முப்பது வயதில்தான் அவரது பொது வாழ்க்கையைத் தொடங்குகிறது. நடுவில் உள்ள ஆண்டுகளைப் பற்றி நற்செய்திகளில் ஒரு சில சொற்களுக்கு மேல் இல்லை. மகான்களின் வாழ்வில் இத்தகைய மௌனத்தை பக்தர்களின் மனம் நெடுநாள் பொறுத்துக் கொள்வதில்லை. இயேசுவின் குழந்தைப் பருவத்தை இட்டு நிரப்பிய ஏற்கப்படாத நற்செய்திகள் இரண்டாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டன. நோட்டோவிச்சின் நூலும் அந்த வரிசையில் வந்ததுதான். அது விரைவாகப் பல பதிப்புகள் கண்டது. ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது.

இந்தியாவிலோ அது தேனாக இனித்தது. அந்நிய ஆட்சியும், அந்த ஆட்சியின் நிழலில் நின்று இந்நாட்டின் சமயத்தை இருள் என்று ஏசிய பிரசாரமும் மக்களின் உள்ளத்தைப் புண்படுத்தியிருந்த காலம் அது. 'உங்கள் குருநாதரே எங்களிடம் வந்து பயின்றவர்' என்று சொல்ல முடிவது எத்தகைய ஆறுதல்! நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மேடைகளிலும் நூல்களிலும் திரைப்படங்களிலும் இந்தச் செய்தி சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சொல்பவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். சமய நல்லிணக்கத்தை விரும்புகிறவர்கள். ஆகவேதான் கேள்வி கடினமாகிறது. ஒரு செய்தி இனிமையானதாகவும் தனது தரப்புக்குப் பெருமை சேர்ப்பதாகவும் இருக்கும்போது, அது உண்மைதானா என்று கேட்கும் கடமை சத்தியத்தை நாடுபவனுக்கு உண்டா?

விசாரணை

முதலில் வினா எழுப்பியவர் மாக்ஸ் முல்லர். 1894 அக்டோபரில் லண்டனின் 'நைன்டீன்த் செஞ்சுரி' இதழில் அவர் எழுதிய கட்டுரை இவ்விஷயத்தில் ஒரு திருப்புமுனை. ரிக்வேதத்தை சாயணரின் பாஷ்யத்துடன் பதிப்பித்த அவர் இந்தியாவின் புகழைக் குறைக்க எண்ணியவர் அல்ல. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்வையும் மொழிகளையும் ஐரோப்பாவிற்கு நூலாகத் தந்தவரும் அவரே. அவருடைய ஐயங்கள் எளியவை. திபெத்திய பௌத்த நூல் தொகுதிகளான கஞ்சூர், தஞ்சூர் இரண்டிற்கும் விரிவான அட்டவணைகள் உள்ளன. இத்தனை முக்கியமான நூல் அவற்றில் ஏன் இல்லை? மேலும், இயேசு மறைந்த சில ஆண்டுகளுக்குள் பாலஸ்தீனத்திலிருந்து வந்த வணிகர்கள் சொன்ன செய்தியைக் கொண்டு நூல் இயற்றப்பட்டதாகச் சுவடியே கூறுகிறது. இப்பரந்த தேசத்தில் அந்த வணிகர்கள், ஈசாவை மாணவராக அறிந்திருந்தவர்களையே சரியாகச் சந்தித்தார்கள் என்பதை எப்படி நம்புவது? நோட்டோவிச்சை உடனே பொய்யர் என்று கூற மாக்ஸ் முல்லர் விரும்பவில்லை. லாமாக்கள் அந்தப் பயணியிடம் விளையாடியிருக்கலாம் என்றும் ஒரு வழி விட்டார்.

நோட்டோவிச் பதில் தந்தார். ஆனால் அந்தப் பதிலில் கதை சற்றே நகர்ந்தது. அது தனி நூலன்று, பல சுவடிகளில் சிதறிக் கிடந்த பகுதிகள், அவற்றைக் கோத்து வரிசைப்படுத்தியவர் தாமே என்றார். அப்படியானால் அட்டவணையில் தேடிப் பயனில்லை என்பது உண்மை. அதோடு, அந்தச் சுவடி என்று எதையும் சுட்டிக் காட்டவும் இனி முடியாது.

அடுத்து வந்தவர் நேரே சென்று பார்த்தவர். ஆக்ராவின் அரசுக் கல்லூரிப் பேராசிரியரான ஜே. ஆர்ச்சிபால்ட் டக்ளஸ் 1895-இல் ஹெமிஸ் சென்றார். நோட்டோவிச்சின் நூலைத் தலைமை லாமாவுக்கு மொழிபெயர்ப்பாளர் மூலம் எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றாக வினவினார். லாமா தந்த விடைகள் எழுதப்பட்டு, அவருக்குப் படித்துக் காட்டப்பட்டு, அவரது ஒப்புதலுடன் 1896 ஏப்ரலில் அதே இதழில் வெளியாயின. நாற்பத்திரண்டு ஆண்டுகளாகத் தாம் லாமா என்றும், பதினைந்து ஆண்டுகளாக இம்மடாலயத்தின் தலைவர் என்றும், அந்தப் பதினைந்து ஆண்டுகளில் கால் முறிந்த ஐரோப்பியர் எவரும் அங்கே தங்கியதில்லை என்றும் அவர் கூறினார். ஈசாவைப் பற்றிய நூல் எதையும் தாம் கண்டதில்லை, கேட்டதுமில்லை என்றார். நோட்டோவிச்சுடன் தாம் எகிப்தியர்களையும் இஸ்ரவேலரையும் பற்றி உரையாடியதாக எழுதியிருப்பதைக் கேட்டு, அப்பெயர்களையே தாம் அறியேன் என்றார். அனைத்தும் பொய் என்று சினந்தும் கொண்டார்.

இங்கே ஒரு செய்தியை விட்டுவிடுவது நேர்மையாகாது. மாக்ஸ் முல்லர் தமது கட்டுரையுடன், லேயிலிருந்து ஓர் ஆங்கிலப் பெண்மணி எழுதிய கடிதத்தையும் வெளியிட்டிருந்தார். அப்படி ஒரு ரஷ்யர் அப்பக்கம் வந்ததே இல்லை என்றது அக்கடிதம். அது தவறு. நோட்டோவிச் லேவுக்கு வந்தது உண்மை என்பதை டக்ளஸே பின்னர் உறுதி செய்து கொண்டு எழுதினார். அங்கிருந்த மொராவிய மிஷன் மருத்துவரிடம் நோட்டோவிச் பல்வலிக்குச் சிகிச்சை பெற்றிருந்தார். (அந்த மருத்துவரின் பெயர் கார்ல் மார்க்ஸ், பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை.) தமது தரப்புக்கு உதவிய ஒரு சாட்சியம் பிழையானது என்பதை டக்ளஸ் மறைக்கவில்லை. அவருடைய மற்றக் கூற்றுகளுக்கு மதிப்பளிக்க இதுவே தக்க காரணமாகும்.

சுவடியின் உட்சான்றுகளும் அதற்கு உதவவில்லை. 'ஈசா' என்பது அரபு வழக்கு. குர்ஆன் வழியாகப் பரவிய பெயர். முதல் நூற்றாண்டுப் பாலி நூலில் அது எப்படி வந்தது? சுவடியின் மூலங்கள் பாலியில் இருந்தனவாம். ஆனால் திபெத்தியர் தங்கள் நூல்களைப் பெரும்பாலும் சமஸ்கிருதத்திலிருந்தே பெயர்த்தனர். மும்மூர்த்திகள், புராணங்கள் முதலிய சொற்களும் கருத்துகளும், பிற்கால இந்து சமயத்தைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய நூல்களை வாசித்த ஒருவரின் கைவண்ணமாகவே தோன்றுகின்றன. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, இன்றுவரை அந்தச் சுவடியின் ஓர் ஏடுகூட அறிஞர்களின் ஆய்வுக்குக் கிடைத்ததில்லை. 1931-இல் அமெரிக்க விவிலிய அறிஞர் எட்கர் குட்ஸ்பீட் இதனைப் புதுமைக் காலப் போலி நற்செய்திகளின் வரிசையில் சேர்த்தார். பின்வந்த ஆய்வாளர்கள் அந்த முடிவை மாற்றக் காரணம் எதையும் காணவில்லை.

சாட்சியமும் சிரத்தையும்

ஆனால் பக்தர்களின் நெஞ்சில் எழும் வினா வேறு. சுவாமி அபேதானந்தர் ஹெமிஸ் சென்றாரே, அவர் பார்த்தாரே? ஸ்ரீராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான அவர் கால் நூற்றாண்டுக் காலம் மேலைநாடுகளில் வேதாந்தப் பணியாற்றித் திரும்பியபின், 1922-இல் லடாக் சென்றார். அமெரிக்காவிலேயே நோட்டோவிச்சின் நூலை அவர் படித்திருந்தார். ஹெமிஸில் லாமா ஒருவர் ஒரு சுவடியைக் காட்டி அதுவே இது என்றார் என்றும், அவரது உதவியுடன் சில பகுதிகள் மொழிபெயர்க்கப்பட்டன என்றும் அவருடைய வங்காளப் பயண நூல் தெரிவிக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் லடாக் சென்ற ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்கும் ஈசா பற்றிய கதைகளை அங்கே கேட்டதாக எழுதினார். ரோரிக்கைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. நோட்டோவிச்சின் நூல் வெளிவந்து முப்பது ஆண்டுகளும், லேயில் கிறிஸ்தவ மிஷன் தோன்றி நாற்பது ஆண்டுகளும் கடந்த நிலையில் வழிப்போக்கர் வாயில் கேட்கும் கதை, பழமைக்குச் சான்றாகாது. திபெத்திய மொழியில் புதிய ஏற்பாடே 1885-இல் அச்சாகிவிட்டது.

அபேதானந்தரின் கூற்றைப் பற்றி எண்ணும்போது நியாய சாஸ்திரம் துணைக்கு வருகிறது. சப்தம் என்னும் பிரமாணம் ஆப்தனின் உபதேசம் என்பது நியாய சூத்திரம். ஆப்தன் யார்? உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இரண்டு தகுதிகளை வைக்கிறார். கூறும் பொருளை அவன் நேரில் அறிந்திருக்க வேண்டும். அறிந்தவாறே பிறருக்குக் கூறும் விருப்பம் உடையவனாகவும் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிகளுக்கும் ஆரியர்களுக்கும் மிலேச்சர்களுக்கும் பொது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். அத்துணைக் காலத்திற்கு முன் எழுதப்பட்ட அந்த ஒரு வாக்கியம், டக்ளஸ் என்ற ஆங்கிலேயரின் சாட்சியத்தையும் ஹெமிஸ் லாமாவின் சாட்சியத்தையும் ஒரே தராசில் நிறுக்க இடம் தருகிறது.

அபேதானந்தரிடம் இரண்டாவது தகுதி முழுமையாக இருந்தது. அதை ஐயுறுபவர் எவருமில்லை. முதலாவது தகுதி இவ்விஷயத்தில் அவரிடம் இல்லை, அவருக்கு உதவிய லாமாவிடமே இருந்தது. கையில் கொடுக்கப்பட்ட சுவடி எது, அது எப்போது எழுதப்பட்டது, அதில் உண்மையில் என்ன இருந்தது என்பன திபெத்திய மொழியையும் எழுத்தையும் ஆய்ந்தவர்களே கூறக்கூடியவை. ஒரு மகானின் வாக்கு ஆன்மிக அனுபவத்தில் பிரமாணம். சுவடியின் வயதைக் கணிப்பதிலும் அவ்வாறே பிரமாணம் என்று கொள்வது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. அவர் கோராத சுமையை அவர் தோளில் ஏற்றுவதாகும். கீதையின் இறுதி அத்தியாய உரையில் ஆதிசங்கரர், நெருப்பு குளிர்ந்தது என்று நூறு சுருதிகள் கூறினாலும் அவை அவ்விஷயத்தில் பிரமாணமாகா என்கிறார். சுருதிக்கே அந்த எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது.

'மறுக்கப்படும்வரை நம்பலாமே' என்பவர்களும் உண்டு. அவர்கள் அறியாமலே மீமாம்சகர்களின் கொள்கையைப் பேசுகிறார்கள். அறிவு தானே பிரமாணம், அதை ஐயுறக் காரணம் வேண்டும் என்பது குமாரில பட்டரின் நிலை. ஆனால் அவரே இரண்டு விலக்குகளையும் கூறினார்: அறிவு தோன்றிய காரணத்தில் குற்றம் காணப்படுதல், மாறான அறிவு எழுந்து அதைத் தடுத்தல். நோட்டோவிச்சின் விஷயத்தில் இரண்டுமே நிகழ்ந்துவிட்டன. அதன்பின்னும் தொடர்வதைச் சிரத்தை என்ற உயர்ந்த சொல்லால் அழைக்கக் கூடாது.

நல்ல நோக்கத்திற்காக

எஞ்சி நிற்பது ஒரே ஒரு வாதம். அதுவே வலுவானதும்கூட. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று திருவள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடமளித்திருக்கிறார். கிழக்கும் மேற்கும் கைகோக்க ஒரு கற்பனைச் சுவடி உதவுமானால் என்ன தவறு?

நோட்டோவிச்சுக்கே ஒரு நல்ல நோக்கம் இருந்திருக்கலாம். அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1881 முதல் ரஷ்யாவில் யூதர்கள் மீது பெருவன்முறை நிகழ்ந்தது. கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்ற பழி அதற்கு எண்ணெய் வார்த்தது. அவர் வெளியிட்ட சுவடியிலோ யூத மூத்தோர் ஈசாவைக் குற்றமற்றவர் என்கிறார்கள். ரோம ஆளுநன் பிலாத்துவே அவரைக் கொல்கிறான். இரக்கத்திற்குரிய ஆவல்தான். ஆனால் பிலாத்துவின் ஆட்சியில் மரண தண்டனை நிறைவேறியது என்பதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். மெய்யான நூலைக் கொண்டே பேசியிருக்கக் கூடிய ஒரு நியாயமான வழக்கு, பொய்ச் சாட்சியை அழைத்ததால் நகைப்புக்கு இடமாயிற்று.

வள்ளுவர் வைத்த நிபந்தனையும் எளிதன்று. நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். கிறிஸ்தவ சகோதரரின் சமயம், வரலாற்றில் வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்வையும் மரணத்தையும் அடித்தளமாகக் கொண்டது. அந்த வாழ்வைப் பற்றி ஆதாரமற்ற ஒன்றை அவரிடம் சொல்வது அலங்காரத்தில் கை வைப்பதன்று, அஸ்திவாரத்தில் கை வைப்பது. 'உங்கள் ஆண்டவர் எங்கள் மாணவர்' என்பது நல்லிணக்கத்தின் மொழியுமன்று. வேதாந்தமோ தத்துவங்களின்மேல் நிற்பது, தனி மனிதர்களின் சரித்திரத்தின்மேல் அன்று. பிறரைவிட வேதாந்திக்கே இச்சுவடி சற்றும் தேவையில்லை.

இன்னொரு வேடிக்கை உண்டு. இச்சுவடியைப் பெருமையுடன் எடுத்துக் காட்டுபவர்கள் அதை முழுதும் படித்தவர்களாகத் தெரியவில்லை. அதில் ஈசா வேதங்களின் தெய்விகத் தோற்றத்தை மறுக்கிறார்; புராணங்களையும் மறுக்கிறார். சூத்திரர்களுக்கு உபதேசித்ததால் பிராமணர்களும் க்ஷத்திரியர்களும் அவரைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். அவர் இரவோடு இரவாக ஜகந்நாதத்தைவிட்டுத் தப்புகிறார். வேதாந்தம் இயேசுவை உருவாக்கியது என்பதற்கு இதையா சான்றாகக் காட்டுவது?

இதே நாடகம் பாத்திரங்கள் இடம் மாறி முன்பே ஒருமுறை நடந்திருக்கிறது. 1760-இல் பிரான்ஸின் தத்துவ மேதை வால்டேரின் கைக்கு இந்தியாவிலிருந்து ஒரு பிரெஞ்சு மொழிச் சுவடி வந்தது. 'எசூர்வேதம்' என்ற அந்நூலில் வியாசரும் சுமந்துவும் உரையாடுகிறார்கள். பல தெய்வ வழிபாடும் உருவ வழிபாடும் கண்டிக்கப்படுகின்றன. யூதரின் மறைநூலுக்கு முன்பே தூய ஏகதெய்வக் கொள்கை இந்தியாவில் இருந்தது என்று வாதிடத் துடித்துக் கொண்டிருந்த வால்டேர் அதைக் கொண்டாடினார். திருச்சபையை எதிர்க்கக் கிடைத்த அருமையான ஆயுதமாக அது அவருக்குத் தோன்றியது. 1778-இல் அது அச்சேறியது. நான்கு ஆண்டுகளில் பியர் சொன்னரா என்ற பயணி அது வேதமே அன்று என்று எழுதினார். பின்னர் சென்னையில் பணியாற்றிய தமிழறிஞர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ், புதுச்சேரி மிஷன் நூலகத்திலிருந்த இத்தகைய சுவடிகளை ஆராய்ந்தார். அவர் காலமானபின், 1822-இல் அவரது கட்டுரை வெளியாயிற்று. இந்துக்களைக் கிறிஸ்தவத்தின்பால் திருப்புவதற்காக ஜெசூட் பாதிரிமார் வேதத்தின் பெயரில் எழுதியவை அவை என்று தெளிவாயிற்று. திருச்சபையின் ஊழியர்கள் இயற்றிய நூலை, திருச்சபையின் பகைவர் அதற்கு எதிராகவே வீசிக் கொண்டிருந்திருக்கிறார்! வால்டேர் ஏமாந்தது அறிவுக் குறைவால் அன்று. அவரைப் போல ஐயுறும் மனம் படைத்தவர் அந்நாளில் ஐரோப்பாவிலேயே சிலர்தான். ஆனால் அந்தச் சுவடி அவர் விரும்பியதைச் சொன்னது; எனவே அதனிடம் மட்டும் அவர் கேள்வி கேட்கவில்லை.

வேதத்தின் பெயரால் ஜெசூட்கள் செய்ததைக் கண்டு சினம் கொள்ளும் இந்தியர், கிறிஸ்துவின் பெயரால் நோட்டோவிச் செய்ததைக் கண்டு புன்னகைப்பாரானால், அவரது சினம் பொய்மையின்மேல் எழுந்ததன்று.

சுவாமி அபேதானந்தர் இயேசுவிடம் கொண்ட பக்திக்கும் அந்தச் சுவடி காரணமன்று. 1886 டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, வங்காளத்தின் ஆண்ட்பூர் கிராமத்தில் துனியின் முன் அமர்ந்து நரேந்திரர் தம் சகோதரச் சீடர்களுக்கு இயேசுவின் துறவையும் தியாகத்தையும் பற்றிப் பேசினார். அனைவரும் துறவு வாழ்வுக்கு உறுதி பூண்டார்கள். அது கிறிஸ்து பிறப்பின் முந்தைய இரவு என்பது பின்னரே அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. அன்று அங்கே இருந்தவர்களில் காளிபிரசாத் என்ற இருபது வயது இளைஞரும் ஒருவர். அவரே பின்னாளில் அபேதானந்தர். நோட்டோவிச்சின் நூல் வெளிவர அப்போது இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன.

கிழக்கும் மேற்கும் கலந்ததற்கு மெய்யான சான்றுகள் இல்லாமலில்லை. அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு, சிரியாவையும் எகிப்தையும் ஆண்ட கிரேக்க மன்னர்களின் பெயர்களைக் கூறுகிறது. கி.பி. 200-ஐ ஒட்டி அலெக்ஸாந்திரியாவின் கிறிஸ்தவ ஆசிரியர் கிளமெண்ட் புத்தரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். இவற்றினும் வியப்பானது, இடைக்கால ஐரோப்பா முழுதும் விரும்பிப் படித்த 'பர்லாம், யோசபாத்' கதை. நோயையும் முதுமையையும் மரணத்தையும் அறியாமல் மாளிகையில் வளர்க்கப்பட்ட இந்திய இளவரசர் யோசபாத், அவற்றை உணர்ந்து மனம் மாறி, துறவி ஒருவரின் போதனையால் கிறிஸ்தவராகி அரசைத் துறக்கிறார். போதிசத்துவர் என்ற சொல் மத்திய ஆசியாவையும் அரபு நாட்டையும் ஜார்ஜியாவையும் கிரேக்கத்தையும் கடந்து வரும் வழியில் திரிந்து திரிந்து யோசபாத் ஆயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் பட்டியலிலும் அவர் இடம்பெற்றார். நவம்பர் 27 அவருக்குரிய நாளாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சு, ஜெர்மானிய அறிஞர்கள் இரு கதைகளையும் ஒப்பிட்டு இதை நிறுவினார்கள். 1870-இல் லண்டனில் ஆற்றிய உரையில், கௌதம புத்தரே திருச்சபையின் புனிதராக வணங்கப்பட்டு வந்திருக்கிறார் என்று ஆங்கில மக்களுக்கு எடுத்துரைத்தவர், இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் நோட்டோவிச்சின் சுவடியை ஏற்க மறுத்த அதே மாக்ஸ் முல்லர்தான்.